தலை நிறைய ஒயர்: நீண்டநேர வீடியோ ஈஈஜி வார்டுக்கு ஓர் அக்காவின் மதிப்பெண்

தம்பிக்கு வலிப்பு மூளையின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்க, வார்டில் படுக்கவைத்து நாள்கணக்கில் வீடியோ ஈஈஜி எடுத்தார்கள், அதாவது கேமராவில் படம்பிடித்தபடியே தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்தார்கள். கூட இருந்தது நான். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம்: எலக்ட்ரோடு (ஒயர் நுனியில் இருக்கும், தலையில் ஒட்டுகிற சின்ன உலோகக் கிண்ணி) ஒட்டியதற்கு 5க்கு 5, ஒட்டியதை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டதற்கு 4, கழற்றியதற்கு 2. டாக்டர்கள் எப்படி, அறை எப்படி, படுக்கை எப்படி என்பதெல்லாம் இதில் வராது. இந்தப் பரிசோதனையில் ஒட்டுகிற வேலைதான் பாதி வைத்தியம் என்பது என் கட்சி.

மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வெளியே வந்து சேரும் மூளையின் மின்சாரம் அவ்வளவு சின்னது. பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கிவிடும், ஈசிஜியில் வரும் இதயத்தின் சிக்னல் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பெரியது. ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இதைப் பதிவு செய்துவிட்டு, வெளியிடுவதற்கு 1929 வரை காத்திருந்தார், பதிவானது மூளைதானா வேறு ஏதாவதா என்று அவருக்கே அத்தனை சந்தேகம். இன்றைக்கு மெஷின் எவ்வளவோ முன்னேறிவிட்டது, ஆனால் எலக்ட்ரோடு லேசாகத் தூக்கிக்கொண்டால் எந்த மெஷினாக இருந்தாலும் அது பதிவு செய்வது தலையணை உரசலைத்தான்.

சாதாரண ஈஈஜி 20, 30 நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குள் எதுவும் தெரியாமல் போவது சகஜம், "ரிப்போர்ட் நார்மல்" என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அதனால்தான் இந்த நீண்டநேர ஏற்பாடு: கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், ஈஈஜி ஓடிக்கொண்டே இருக்கும், டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைப்பார்கள், தூங்கவிடாமல் வைத்திருப்பார்கள், வலிப்பு வரட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். (மாத்திரையைக் குறைப்பது அங்கே மட்டும்தான், ஆக்ஸிஜனும் நர்ஸும் பக்கத்தில் இருக்கும்போது. வீட்டில் யாரும் தானாக முயற்சி செய்துவிட வேண்டாம்.) அப்படிக் காத்திருந்து வரவழைக்கிற வலிப்பு வரும் நேரத்தில் இரண்டு எலக்ட்ரோடு கழன்று கிடந்தால், பட்ட பாடெல்லாம் வீண். இதற்கு முன்னால் ஓர் இடத்தில் எங்களுக்கு நடந்தது அதுதான், அந்தக் கோபத்தில்தான் இந்த முறை ஒட்டுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஒட்டிய கதைக்கு வருகிறேன். டெக்னீஷியன் ஒருவர், பேச்சு குறைவு. உட்கார்ந்ததும் ஒயரை எடுக்கவில்லை, அளவு டேப்பை எடுத்தார். மூக்கின் மேல் முனையில், இரண்டு புருவத்துக்கும் கீழே விழும் பள்ளத்தில் ஒரு புள்ளி. பின்மண்டையில் கழுத்துக்கு மேல் விரலில் தட்டுப்படும் மேடு, அங்கே ஒரு புள்ளி. "தம்பி, வாயைத் திறந்து மூடுங்க" என்று சொல்லிக் காதுக்கு முன்னால் விழுகிற குழியைத் தடவிப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. இந்த நான்கையும் வைத்துத்தான் மொத்தத் தலையையும் பிரிக்கிறார்கள். மூக்கிலிருந்து பின்மேடு வரை 36 செ.மீ. என்றால், முதல் 10 சதவீதம் 3.6, அப்புறம் 20 சதவீதமாக 7.2, 7.2 என்று நகர்ந்து, கடைசியில் மறுபடி 3.6 மிச்சம். உச்சந்தலைப் புள்ளி சரியாக 18இல் வரும், அதே புள்ளி காதிலிருந்து காதுக்கு அளந்தாலும் நடுவில் வர வேண்டும், வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அவர் ஒரு தடவை அழித்தார், அப்போதே எனக்குப் பாதி நிம்மதி.

இதற்குப் பெயர் 10-20 முறை, மூளை ஆராய்ச்சியாளர் ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் எழுதிவைத்தது. சென்டிமீட்டரில் சொல்லாமல் சதவீதத்தில் சொன்னதுதான் இதன் அழகு, குழந்தைத் தலையானாலும் பெரியவர் தலையானாலும் அதே இடம் கிடைத்துவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு, இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை, நடுக்கோட்டில் இருப்பதற்கு எண்ணுக்குப் பதில் 'இசட்'. முன்பு போன இடத்தில் டேப்பே கிடையாது, ஆள் பழக்கத்திலேயே கண்ணால் அளந்து ஒட்டினார். அனுபவம் இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இடப்பக்கத்து ஜோடி ஒன்று நெருக்கமாகவும் வலப்பக்கத்து ஜோடி தள்ளியும் உட்கார்ந்துவிட்டால், நெருக்கமாக இருக்கிற பக்கத்தில் அலை குட்டையாகத் தெரியும். மூளையில் ஒன்றுமே இல்லாமல் "இடது பக்கம் குறைவு" என்று காகிதத்தில் ஏறிவிடும் ஆபத்து. வலிப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வந்த இடத்தில் இதைவிட மோசமான பிழை வேறு என்ன இருக்க முடியும்?

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கமான 19 இடங்களோடு நிறுத்தாமல், காதுக்கு மட்டத்தில் கீழாக ஒரு வரிசையும் ஒட்டினார், பக்கத்துக்கு மூன்று. எதற்கு என்று கேட்டதற்கு, "பொட்டு மடல் கீழே தொங்குதில்ல, மேலே ஒட்டினா அது சரியா கேக்காதுங்க" என்றார். பொட்டு மடல் என்பது நெற்றிப்பொட்டுக்கும் காதுக்கும் உள்ளே இருக்கும் மூளைப் பகுதி (டெம்போரல் லோப்). பெரியவர்களுக்கு ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பு அதிகம் கிளம்புவதே பொட்டு மடலிலிருந்துதான், அதன் அடிப்பகுதியைப் பழைய வரிசை சரியாகப் பிடிப்பதில்லை. மருத்துவ நரம்பு உடலியங்கியலுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2017இலேயே இந்தக் கீழ்வரிசை ஆறையும் சேர்த்து 25 எலக்ட்ரோடு வைக்கச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் செய்கிறார்களா என்றால், எங்கள் முதல் அனுபவத்தில் செய்யவில்லை. அந்த ஆறுக்காகவே இந்த வார்டுக்கு முழு மதிப்பெண் போடலாம்.

தோலைத் தயார் செய்வதில் இவர் கை அளவாக இருந்தது. மணல் கலந்தது போன்ற ஜெல்லைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து, மயிரை வகிடு பிரித்து, அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்தார். இறந்த தோல் போனால்தான் மின்தடை இறங்கும். 5 கிலோ ஓமுக்குக் கீழே என்பது பழைய கண்டிப்பு, இப்போதைய மெஷின்களில் 10 வரை ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் முக்கியம் எல்லா எலக்ட்ரோடும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பது. இதற்காக வெறிபிடித்ததுபோலத் தேய்ப்பவர்கள் உண்டு. குறுகிய நேரத்து ஈஈஜியில் அது வெறும் எரிச்சலோடு போய்விடும். நாள்கணக்கில் அதே இடத்தின்மேல் ஓர் உலோகக் கிண்ணி அழுத்திக்கொண்டிருக்கப் போகிறது என்னும்போது அது புண்ணுக்கு விதை போடுவது.

இனி பசை விவகாரம். இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் தம்பியின் தலை பார்த்துவிட்டது. ஒன்று கடத்தும் பேஸ்ட், டென்20 என்ற பிராண்டுதான் பல இடங்களில் கண்ணில் படும். கெட்டியாக வெண்ணிறத்தில் இருக்கும், கிண்ணியில் நிரப்பி அழுத்தி மேலே ஒரு துண்டு காஸ் துணியை வைத்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் முடியும், நாற்றம் இல்லை, வெந்நீரில் போய்விடும். சில மணி நேரத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் அது பசையே அல்ல, மின்சாரத்தைக் கடத்துவதுதான் அதன் வேலை, பிடித்துக்கொள்வது ஓர் உபகாரம். மறுநாள் காலையில் காய்ந்து உதிர ஆரம்பிக்கும், வியர்த்தால் வழுக்கும். அதிகமாக அப்பினால் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளின் பேஸ்ட் ஒன்றோடொன்று கலந்து பாலம் போட்டுவிடும், இரண்டு இடம் ஒரே இடமாகிவிடும், திரையில் அந்த ஜோடி மட்டும் தட்டையாக ஓடும். தடை மிகவும் குறைவாகக் காட்டினால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும் என்பது அப்படிக் கற்றுக்கொண்டது.

இன்னொன்று கொலோடியன். ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த நைட்ரோசெல்லுலோஸ். (1851இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் புகைப்படம் எடுக்கப் பயன்படுத்தினாரே, அதே சரக்குதான்.) கிண்ணியை வைத்து, மேலே காஸ் துண்டு, அதன்மேல் கொலோடியனை விட்டு, சின்னக் குழாயில் காற்றடித்துக் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் கிண்ணியின் நடுவில் உள்ள துளை வழியாக மொட்டை ஊசி விட்டு ஜெல்லை நிரப்புகிறார்கள். ஊசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது தோலுக்குள் போவதில்லை. இது நிஜமாகவே ஒட்டும். தம்பி தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் அசையவில்லை, வலிப்பு வந்து உடம்பே வெட்டி இழுத்தபோதும் ஓர் எலக்ட்ரோடுகூடப் பறக்கவில்லை. ஜெல் உலர்ந்தால் கழற்றாமலேயே அதே துளையில் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம், நீண்டநேரப் பதிவுக்கு இந்த ஒரு வசதி போதும் என் ஓட்டைப் பெற.

குறை என்றால் நாற்றம். சும்மா நாற்றம் இல்லை, தலை சுற்றவைக்கும் நாற்றம், அதோடு சட்டென்று தீப்பற்றக்கூடிய பொருள். காற்றோட்டம் உள்ள தனி அறையில் செய்தார்கள், அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள், சின்னக் குழந்தைகள் என்றால் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. ஒட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, நடுவில் ஒரு தடவை தம்பி "அக்கா, இன்னும் எத்தனை" என்று கேட்டான், நான் பதில் சொல்லவில்லை. நீச்சல் தொப்பி மாதிரி மாட்டுகிற எலக்ட்ரோடு கேப் இருக்கிறதே, அது வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். அவசரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அது நன்றாக இருக்கும், நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்தால் தெரியும்.

ஒட்டி முடித்ததும் எல்லா ஒயரையும் பின்பக்கம் சேர்த்து ஜடை மாதிரி கட்டி, தோளுக்கு மேல் ஒரு வளையம் தளர்வாக விட்டு, அதன் பிறகுதான் சிக்னலை வாங்கிக்கொள்ளும் சின்னப் பெட்டியில் செருகினார். அந்த வளையம் எதற்கென்றால், தலையை வெடுக்கென்று திருப்பினால் இழுபடுவது வளையமாக இருக்கட்டும், எலக்ட்ரோடாக இருக்க வேண்டாம். பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். தலையைச் சுற்றி காஸ் கட்டு, தாடைக்குக் கீழே ஒரு பட்டை. இந்த இடத்தில் ஒரு குறை: கட்டு முதலில் இறுக்கமாக இருந்தது. நெற்றியில் இருக்கிற எலக்ட்ரோடுகளுக்கு மயிர்ப் படுகை கிடையாது, இறுக்கினால் நேராகத் தோலில் பதியும். நான் சொன்ன பிறகு தளர்த்தினார்கள், சொல்லாமலேயே பார்த்திருக்கலாம்.

பார்த்துக்கொண்ட விதத்துக்கு 4 கொடுத்தேனே, அதில் பெரும்பகுதி ராத்திரி டியூட்டிக்காரருக்கு. ஓர் எலக்ட்ரோடு கெட்டுப்போனால் திரையில் அந்த ஒரு வரி மட்டும் திடீரென்று செங்குத்தாகத் துள்ளும், அக்கம்பக்கத்து வரிகள் சாதுவாக இருக்கும். மூளையில் நடந்தது என்றால் பக்கத்து இடங்களிலும் கொஞ்சமாவது எதிரொலிக்கும், ஒற்றை வரி மட்டும் ஆடினால் குற்றவாளி எலக்ட்ரோடுதான். இதைவிடப் பயமுறுத்துவது எல்லா வரியும் ஒன்றாக ஆடுவது. ஒரு நடுராத்திரி அப்படி ஆட ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன், தம்பி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான். டியூட்டிக்காரர் வந்து ஒரே ஓர் எலக்ட்ரோடை மட்டும் தொட்டு ஜெல் நிரப்பினார், எல்லாம் அடங்கிவிட்டது. அது ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு, மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் மெஷின் எழுதுகிறது, அது தளர்ந்தால் மொத்தமும் குப்பை. மூலையில் உட்கார்ந்து காலைவரை காத்திருக்காமல் அந்த நேரத்தில் வந்து சரிசெய்கிற ஆள் இருக்கிற இடம்தான் நல்ல இடம். தினமும் காலையில் தடையை அளந்து, கட்டைப் பிரித்து ஓரங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், விடுமுறை நாளில் ஆள் மாறினார், வந்தவர் கழன்ற எலக்ட்ரோடைப் பேஸ்ட் போட்டு ஒட்டி டேப்பை மேலே சுற்றிவிட்டுப் போனார், அது சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை.

கூட இருப்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு, அதை யாராவது முதலிலேயே சொல்லித் தந்தால் நல்லது, இங்கே நர்ஸ் சொல்லித் தந்தார். வலிப்பு வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், போர்வையை விலக்க வேண்டும், அப்புறம் கேமராவை மறைக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கத்தான் கால் போகும். ஆனால் எந்தக் கை முதலில் முறுக்கிக்கொள்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வீடியோவில் தெரிய வேண்டும். நர்ஸ் வந்து பெயர் கேட்பார், கையைத் தூக்கச் சொல்வார், ஒரு வார்த்தை சொல்லி அதைப் பிறகு நினைவிருக்கிறதா என்று கேட்பார், அதெல்லாம் அவருடைய வேலை. இன்னொன்று, தம்பி மென்றுகொண்டிருக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் திரையைப் பார்த்தால் வலிப்பு வந்துவிட்டது போலவே இருக்கும். பல் தேய்க்கிற தாளம் அப்படியே அலையாக ஓடும். வீடியோ இல்லாமல் வெறும் கோடுகளை மட்டும் படித்தால் குழம்பிவிடும், கேமரா இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே மாட்டிவிட்டு அனுப்புகிற ஈஈஜி இப்போது பல இடங்களில் கிடைக்கிறது, அதையே எடுத்தால் என்ன என்று எங்களுக்கும் தோன்றியது. சில கேள்விகளுக்கு அது போதும், சொந்தப் படுக்கையில் தூங்கலாம். ஆனால் வீட்டில் கழன்ற எலக்ட்ரோடை ஒட்ட யாரும் வரப்போவதில்லை, நேரம் ஆக ஆகப் பதிவு மங்கிக்கொண்டே போகும். அறுவைசிகிச்சை வரை யோசிக்கிறவர்களுக்கு வார்டுதான்.

இனி கழற்றியது. 5க்கு 2, அதுவும் அவர்கள் சிரித்த முகத்துக்காக. கொலோடியனை இழுத்து எடுக்கக் கூடாது, அசிட்டோனோ அசிட்டோன் இல்லாத கரைப்பானோ விட்டு ஊறவைத்து, காஸைத் தானாகத் தூக்கிக்கொள்ளவிட வேண்டும். கண்ணுக்கு மேல் துணி போட்டு மூட வேண்டும், நெற்றியில் விடும்போது இது கட்டாயம். டிஸ்சார்ஜ் அவசரத்தில் பாதி ஊறியதும் உரிக்க ஆரம்பித்தார்கள், ஒவ்வொன்றோடும் கொஞ்சம் மயிர். கண்ணுக்குத் துணியை நான் கேட்டு வாங்கிப் போட்டேன். அத்தனை பொறுமையாக ஒட்டிய இடத்தில் இப்படியா கழற்றுவார்கள்? நெற்றியில் இரண்டு வட்டம் சிவந்திருந்தது, சில நாளில் மறைந்துவிட்டது, புண்ணாகவில்லை.

போகப்போகிறவர்கள் முதல் நாள் ராத்திரியே தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிடுங்கள், எண்ணெய், கண்டிஷனர், ஜெல் எதுவும் வேண்டாம், சடை பின்னியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். தலை வழியாக மாட்டுகிற சட்டை எடுத்துப்போகாதீர்கள், முன்னால் பொத்தான் உள்ளதுதான் கழற்றி மாட்ட முடியும். சேர்வதற்கு முன் போனிலேயே கேட்டுவிடுங்கள்: டேப் வைத்து அளந்து ஒட்டுவீர்களா, கீழ்வரிசை வைப்பீர்களா, பேஸ்ட்டா கொலோடியனா, ராத்திரியும் விடுமுறையிலும் எலக்ட்ரோடைச் சரிசெய்ய ஆள் இருப்பாரா, நடுவில் எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவந்தால் இதே எலக்ட்ரோடோடு போகலாமா, கழற்ற எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள். எத்தனை சேனல் (ஒரே நேரத்தில் பதிவாகும் வரிகள்) மெஷின் என்று மட்டும் பெருமையாகப் பதில் வந்தால் வேறு இடமும் விசாரித்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் மயிரில் கொலோடியன் துணுக்குகள் பொடுகு மாதிரி கிடக்கும். உடனே ஷாம்பு போட்டால் போகாது. முதலில் நிறையக் கண்டிஷனர் போட்டு ஊறவிட்டு, நெருக்கமான பல் உள்ள சீப்பால் நுனியிலிருந்து மேலாக வாரினால் வந்துவிடும், அதற்கு அப்புறம் ஷாம்பு. தேய்த்த இடங்களில் எரிச்சல் இருந்தால் சீப்பு அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.